உப்புத் தண்ணீரும் ஒரு வாளி புழுவும்

இருப்பதையெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுப்பவளுக்குக் கடைசியில் என்ன மிஞ்சும்? தையல் ஆலையின் கேன்டீனில் ஒருநாள் யாரோ இப்படிக் கேட்டார்கள்.

கேள்வி, அங்கே சமைக்கும் அக்காவைப் பற்றியது. புழு அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனுக்குப் பின்னால் செங்கல் உடைசல் கிடந்த இடத்தில் ஒரு தொட்டி கட்டி, காய்கறித் தோலும் வாடிய இலையும் போட்டு மண்புழு வளர்த்தாள். அந்த எருவைக் கொட்டிக் கொட்டித்தான் அந்த மண்ணில் கீரையும் தக்காளியும் தலைகாட்டின. மழையில் பாலம் உடைந்து காய்கறி லாரி நின்றுபோன பிறகு, மதியத் தட்டில் பச்சையாக ஏதாவது விழுந்தால் அது அந்தப் பாத்தி கொடுத்ததுதான்.

கேட்டவர்களுக்கெல்லாம் வாளியில் புழு கொடுப்பாள். கேட்காதவர்களையும் விடமாட்டாள். அதே ஆலையில் பட்டன் தைக்கும் நாத்தனார், "மத்த அண்ணிங்க வளையல் கொடுக்குறாங்க, எனக்கு வாய்ச்சவங்க புழு கொடுக்குறாங்க" என்று முகம் சுளித்தபடிதான் வாங்கிப் போனாள்.

பாத்தியில் முதல் முறையாகக் காலிஃபிளவர் விளைந்தது. அதற்குள் ஒளிந்திருக்கும் புழு பூச்சி வெளியே வர, சுடுதண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டு ஊறவைத்தாள் அக்கா. பாத்திரம் கழுவும் அவள் கணவர் அந்தத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல், ஆறவைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

மறுநாள் காலை தொட்டியை மூடியிருந்த சாக்கை விலக்கினாள். புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறிக் கிடந்தன. உள்ளே இருந்தவற்றில் பல அசையவில்லை. ஈர மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

"என்னங்க, நேத்து இதுல என்ன ஊத்துனீங்க?"

"பூவை ஊறவெச்ச தண்ணிதாம்மா. நல்லா ஆறவெச்சுட்டுத்தான் ஊத்துனேன்."

"புழுவை விரட்டுற தண்ணியை, புழு குடியிருக்குற வீட்டுலயே ஊத்திட்டீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "அதுங்களுக்கும் உப்பு உறைப்பா ஏதாவது வேணும்னு நினைச்சுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உயிரோடு இருந்தவற்றை ஈரச் சாக்கில் பொறுக்கிப் போட்டாள். ஒரு கைப்பிடிதான் தேறியது. உப்பேறிய மண்ணை வாரி வெளியே கொட்டி, தொட்டியைக் கழுவினாள். அந்தக் கைப்பிடிப் புழு பெருக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எருவில்லாமல் அடுத்த விதைப்பை அந்த உடைசல் மண் தாங்காது.

அன்று மதியம் அவரே மேசை மேசையாகப் போய்த் தன் அசட்டுத்தனத்தைச் சொன்னார். சிரிக்காதவர்கள் குறைவு. மறுநாள் காலை முதலில் வந்தவள் நாத்தனார். எருவோடு நிறைந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க அண்ணி, உங்க பேரப்பிள்ளைங்க. எங்க மாடித் தொட்டியில இடம் பத்தாம வழியுதுங்க. அண்ணன் கையில மட்டும் கொடுத்துடாதீங்க."

பின்னாலேயே வேன் ஓட்டுநர், அக்கா கொடுத்துப் பெருகிய புழு ஒரு டப்பாவோடு வந்தார். துணி வெட்டுபவர் பழைய சட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். தொட்டி மறுபடி நெளிந்தது. வந்த எருவைப் பாத்தியில் பரப்பி, அந்த வாரமே அக்கா கீரை விதைத்தாள். அவள் கணவர் இப்போதெல்லாம் எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போகிறார்.

இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்பவர் என்றால், அந்த உப்புத் தண்ணீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.