விமானிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ்

எங்கள் ஊரில் ஒரு கம்பெனி தொடங்குவதென்றால் முதலில் அதற்குக் காலண்டர் அடிப்பார்கள். கம்பெனி பிறகு வரும். சில சமயம் வராது. சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த என் தாய்மாமா விமானக் கம்பெனி தொடங்கியபோதும் அதே முறைதான். விமானம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அது காலண்டரில் பறந்துகொண்டிருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; ஆனாலும் ஆர்ட்டிஸ்ட் கைப்பழக்கத்தில் அதன் மூக்கில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்.

பட்டாசு முதலாளிகள் தீபாவளி ஆர்டர் பிடிக்க வடக்கே ரயிலில் இரண்டு நாள் போவதும் இரண்டு நாள் வருவதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அச்சு மெஷின் இரண்டையும் விற்று, பெங்களூர்க்காரர் ஒருவரின் ஆறு சீட் விமானத்தைக் குத்தகைக்கு எடுத்தார். சிவகாசி என்ற பெயரைக் கேட்டதுமே அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டதாம். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு கம்பி மத்தாப்புகூட விமானத்தில் ஏறக் கூடாது. ஏறினால் அன்றோடு குத்தகை ரத்து. மாமா கையெழுத்துப் போட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஒவ்வொரு முறையும் முதலாளிகளின் பைகளைத் தானே திறந்து, உள்ளே பதுங்கியிருந்த சரங்களை எடுத்து வெளியே வைத்தார்.

"சாம்பிள் இல்லாம ஆர்டர் கேக்கப் போறது, பொண்ணு இல்லாம கல்யாணத்துக்குப் போற மாதிரில்லா இருக்கு" என்று புலம்பிக்கொண்டேதான் ஏறுவார்கள். ஆனாலும் ஏறினார்கள். அந்த சீசனில் விமானம் காலியாகப் போனதே இல்லை. சாத்தூர் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் சீட் ஒன்று மிஞ்சியது. மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு அது கிடைத்தது. மாமா மூன்று முதலாளிகளின் பைகளையும் குடைந்து பார்த்தார். என் பள்ளிக்கூடப் பையைத் தன் தோளிலேயே சுமந்து வந்தார். மருமகள் பையை எந்தத் தாய்மாமன் சோதனை போடுவான்?

விமானம் மேலேறிப் பத்து நிமிடம் இருக்கும். நான் பையைத் திறந்தேன். எங்கள் வீட்டில் வெளியூர்க்காரர் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பல் டாக்டர், பள்ளி ஆய்வாளர், சோதனை போட வந்த வரி அதிகாரி, எல்லாருக்கும் ஒரு கிஃப்ட் பாக்ஸ் உண்டு. விமானியோ கோயம்புத்தூர்க்காரர். என் பங்குத் தீபாவளிப் பட்டாசை அப்படியே கொண்டுவந்திருந்தேன். ரிப்பன்கூட நானே கட்டியது. எட்டி அவர் தோளைத் தட்டினேன்.

"அங்கிள், இந்தாங்க, தீபாவளிக்கு."

டன் கணக்கில் வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிற முதலாளிகள் மூவரும் ஒரே நேரத்தில் "கர்த்தரே" என்றார்கள். அதில் இரண்டு பேர் முருக பக்தர்கள். பெட்டியை ஒருவர் வாங்கி, பச்சைப்பிள்ளையைப் போல இரண்டு கையாலும் மடியில் ஏந்திக்கொண்டார்.

"யாரு கம்பெனி வெடி?" என்றார் அடுத்தவர்.

"ஒமக்குள்ளதுதான்யா."

"அப்பம் வெடிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. விமானி கத்தவும் இல்லை. விமானத்தைத் திருப்பினார்.

தரையிறங்கியதும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் காகிதத்தோடு வந்தார். விமானி மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்: "கொழந்த பேரப் போட்டு, தெரியாம கொண்டாந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. ஓனருகிட்ட நான் பேசிக்கறேன். விட்டுருவாருங்க."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"இல்லைங்க. நாந்தான் பிள்ளை கையில குடுத்து விட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "பொய்! நாந்தான் கொண்டாந்தேன், நாந்தான் ரிப்பன்..." அதற்குள் மாமாவின் உள்ளங்கை என் வாயை மூடிவிட்டது. அது சில்லென்றிருந்தது.

அந்த வாரமே விமானம் பெங்களூர் போய்விட்டது. அடுத்த வருஷக் காலண்டர் மட்டும் கட்டுக்கட்டாக நின்றது. மாமா திருத்தங்கலில் வேறொருவர் அச்சகத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போனார். என் பரிசைத் தன் பரிசாகச் சொல்லிக்கொண்ட மனிதரோடு நான் கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு வந்தார். "ஏட்டி, இன்னுமா கோவம்?"

"நாந்தான் குடுத்தேன்னு சொல்லுங்க. பேசுதேன்."

அம்மா அடுப்படியில் இருந்தாள். மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, காதருகே குனிந்தார்.

"நீதான் குடுத்த. வெளிய யார்ட்டயும் சொல்லிராத."

நான் ஜெயித்துவிட்டேன். கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.