நன்றி சொல்லாமல் இருந்த கூட்டம்

ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்துக்கு முன்பு தினமும் டோராலினா நோயாளி வால்டிருக்குத் தலைவாரி விடுவாள், அவருக்குப் பிடித்தபடி இடப்பக்கம் வகிடெடுத்து. தொற்று பயத்தால் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டிய அவர் மனைவி ஜுரேமாவுக்கு அது வெகுநாள் தெரியாது. படுக்கையிலும் மனுஷன் எப்படி இவ்வளவு லட்சணமாக இருக்கிறார் என்று நினைப்பாள். ஒருநாள் சீக்கிரம் வந்தபோதுதான் சீப்பைப் பார்த்தாள்.

டோராலினா பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் அரசு மருத்துவமனை ஆயா. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி தொற்றியவர்களின் அறை அவள் பொறுப்பு. வால்டிர் ஒரு காலைக் கொடுத்து உயிரை மீட்டுக்கொண்டு போனார். பலருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. மாடியில் டாக்டர் இராசெமா அந்தக் கிருமியை அடக்க வழி தேடிக்கொண்டிருந்தாள். அரசாங்கம் தந்த பணம் தீர்ந்துவிட்டது. இன்னும் கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

பொதுப்பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் ஜனங்களே கைதூக்கிச் சொல்வார்கள். அந்தக் குளிர்காலத்தில் மாதா கோயில் கூடத்தில் கூட்டம். தெருவுக்குத் தார் போடுவது முதலில் வந்தது, ஜெயித்தது. ஆய்வுக்கூடம் கடைசி. தார் கிடைத்ததும் லாரிக்கார ரொசெந்தோவோடு பாதிக் கூட்டம் எழுந்தது. அவர்கள் போய்விட்டால் ஆய்வுக்கூடத்துக்குக் கை போதாதே என்று ஜுரேமா டோராலினாவைப் பார்த்தாள்.

டோராலினா சுரைக்குடுக்கையில், எங்கள் பக்கத்தில் டீ மாதிரி குடிக்கும் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். வழக்கப்படி முதல் வாய் தான் உறிஞ்சிவிட்டு, அடுத்ததை ரொசெந்தோ கையில் கொடுத்தாள். ஒரே குடுக்கை, ஒரே குழல், சுற்றிச் சுற்றி வரும். போதும் என்பவர் நன்றி சொல்லித் திருப்பித் தரவேண்டும். சொல்லாதவர் அடுத்த சுற்றுக்கு இருந்தாக வேண்டும்.

“தந்திரக்காரி. கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு எங்க பணமா?” என்றார் ரொசெந்தோ.

“நன்றின்னு சொல்லிட்டுக் கிளம்புங்கண்ணே. யாரு பிடிச்சு வச்சா?”

“வெளிய குளிருது. உன் மாத்தே வேற நல்லாருக்கு.”

“அப்ப உக்காருங்க. தார் ரோட்டுல லாரிய பறக்க விடுவீங்க. அடிபட்டா என்கிட்டதான் வரணும். அன்னிக்கு மருந்து கேக்கணுமில்ல?”

கூடம் சிரித்தது. ரொசெந்தோ உட்கார்ந்தார். வாசல்வரை போனவர்களும் தங்கள் முறைக்காகத் திரும்பி வந்தார்கள்.

டாக்டர் பேசி முடித்தாள். முதலில் உயர்ந்தது கையல்ல, வால்டிரின் ஊன்றுகோல். பிறகு ரொசெந்தோ குடுக்கையோடு கையைத் தூக்கினார். அப்புறம் பார்த்த பக்கமெல்லாம் கைகள். கர்த்தருக்குச் சித்தமானால் சுரைக்குடுக்கையும் சாட்சி சொல்லும்.

ஆய்வுக்கூடம் பூட்டப்படவில்லை. இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கிருமி அடங்குகிறது என்று சில வருஷங்களில் கண்டுபிடித்தார்கள். ஒரு கொத்தனார் அந்த அறையிலிருந்து இரண்டு காலோடும் நடந்து போனபோது, டோராலினா வாசல்வரை வந்து கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்று டோராலினா பாஜே ஊரில் தங்கை வீட்டோடு இருக்கப் புறப்பட்ட அன்று, பஸ் நிலையத்தில் அவளும் ஜுரேமாவும் மாத்தே குடித்தார்கள். அதுதான் அவர்களுடைய கடைசிச் சந்திப்பு. ஜுரேமா குடித்து முடித்துக் குடுக்கையைத் திருப்பி நீட்டினாள். அந்தச் சீப்புக்கும் சேர்த்துச் சொல்ல வாய் திறந்தாள்.

“நன்றி மட்டும் சொல்லிடாதடி,” என்றாள் டோராலினா. “கெட்டில்ல இன்னும் தண்ணி இருக்கு.”