முன்னால் ஓடிய ஏழாம் பெட்டி

பிள்ளைகளே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எட்டாவதோடு நின்றுவிட்டேன். ஆனாலும் விண்வெளிக் கப்பலில் போகும் ஒரு கேப்டனின் மூன்று இங்கிலீஷ் படங்களை, எழுபதுகளில், ஜேடர்பாளையம் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேச்சு புரியாவிட்டால் என்ன, கேப்டனின் முகம் புரிந்தது.

ஒரே படம் இரண்டு ஊர்க் கொட்டகைகளில் ஓடும். அடுத்த ஊரில் ஓடி முடிந்த பிலிம் பெட்டி ஒவ்வொன்றாகச் சைக்கிளில் இங்கே வரும்.

மூன்றாவது படத்தில், கப்பலைக் காப்பாற்றப் புகைக்குள் போன கேப்டன் செத்துப்போனார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். திரை கொஞ்ச நேரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு பார்த்தால், கேப்டன் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கி வருகிறார்! கொட்டகையே எழுந்து விசிலடித்தது.

பிற்பாடு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். என் மகளுக்கும் மகனுக்கும் சோற்றோடு அந்தக் கதையையும் ஊட்டினேன். பெட்டி சைக்கிளில் வந்ததையும் சொல்லாமல் விடவில்லை.

"அந்தக் கப்பலுக்குப் பாடி கட்டுனது நம்மூர்லயாங்கப்பா?" என்பான் மகன்.

"பின்னே? பின்னாடி 'ஹாரன் அடி'ன்னு எழுதியிருக்கும், போய்ப் பாரு" என்பாள் மகள்.

எண்பதுகளில் அந்த மூன்றாவது படத்தையே புது ஆட்களை வைத்து மறுபடி எடுத்து, தமிழ்ப் பேச்சோடு சேலத்துக்கு அனுப்பினார்கள். ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு இருவரையும் கூட்டிப்போனேன். புதுக் கேப்டனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. இவர்களோ கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

படம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே அவர் சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். இது கடைசியில் அல்லவா வரவேண்டும்?

முடிவில் கேப்டன் புகைக்குள் போய்ச் செத்தார். முன்சீட்டு அம்மாள் அழுதார். மகன் எட்டி அவர் தோளைத் தட்டி, "அழுகாதீங்க, இப்ப எந்திரிச்சுருவாருங்க" என்றான்.

விளக்கு எரிந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். அவன் மட்டும் சீட்டை விட்டு எழவில்லை.

"இன்னும் ஒரு பொட்டி வரோணுமுங்கப்பா."

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கீற்றுக் கொட்டகையில் அன்றைக்கு ஆறாம் பெட்டி விட்டுப்போய், கடைசியான ஏழாம் பெட்டி முந்தி வந்திருக்கிறது. ஏழாம் பெட்டியை முதலில் ஓட்டிவிட்டு, ஆறாவதைப் பிறகு ஓட்டியிருக்கிறார்கள். கொட்டகையே விசிலடித்தது அந்தத் தப்புக்குத்தான்.

மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

"சாமி, அன்னைக்குப் பொட்டி மாறிப்போச்சு. அப்பனுக்கு அது தெரியல. கேப்டன் நெசமாவே செத்துட்டாரு."

அவன் உதடு துடித்தது. இனி நான் சொல்லும் எந்தக் கதையையும் நம்பமாட்டான் என்று நினைத்தேன்.

மகள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா, இந்தக் கொட்டாய்க்கு சைக்கிள்காரரு இல்ல. அதான்."

பஸ் ராசிபுரம் தாண்டும்வரை அவன் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு என் சட்டையை இழுத்தான்.

"அப்பா, நீங்க ஏணியக் கடைசியிலயே வச்சு சொல்லுங்க. ஆனா புதுக் கேப்டன்தான் எறங்கி வரோணும்."

மீசை முளைக்காத அந்தப் பையனையே ஏணியில் இறக்கினேன்.