உடம்பில் உலோகம் உண்டா?

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, ரஞ்சியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவள். தையல் வேலை. ஒரு காலத்தில் போராளி. போர் முடிந்ததும் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவள்.

சில மாதமாக அவளுக்கு இடது கை மரத்துப் போகிறது. தைக்கும்போது துணி நழுவுகிறது. டொக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வைத்தியச் சான்று கிடைத்தால் அரசாங்க உதவிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்களாம்.

இராணுவத்தில் இருந்து காயப்பட்டவருக்குத் தனி ஆஸ்பத்திரி உண்டு. ஓய்வூதியம் உண்டு. ரஞ்சிக்கு? மாற்றுத்திறனாளிகளின் வரிசைதான். அதற்கும் காயத்தை நிரூபிக்க வேண்டும்.

ஸ்கான் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து படிவம் நிரப்பினாள். ‘உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா?’ என்ற கேள்விக்கு, ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

அவளுடைய தோளில், போரில் செல் வெடித்துப் பாய்ந்த இரும்புத் துண்டுகள் இருப்பது எனக்குத் தெரியும். அந்த மெஷினோ பெரிய காந்தம். உள்ளே துண்டு அசைந்தால்...?

மெதுவாகக் கேட்டேன். நிமிராமலே சொன்னாள்.

“ஓம் எண்டு போட்டா எப்பிடி வந்தது எண்டு கேப்பினம் அக்கா. திரும்பவும் வீட்டுக்கு ஆக்கள் வரத் தொடங்கினா? மகளுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

அவள் பயந்ததில் பிழை சொல்ல முடியாது. முகாமால் வந்த பிறகு எத்தனை வருடம் சிவில் உடுப்பில் புலனாய்வு ஆட்கள் வந்து விசாரித்தார்கள்! உதவிக்கான தகுதி அவளுடைய உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே சொல்லத்தான் வழியில்லை.

நான் என்ன செய்வது? நேர்ஸிடம் சொன்னால் துரோகம். சொல்லாவிட்டால் அவளுடைய உயிருக்கே ஆபத்து.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

“நீ சொல்லாட்டி நான் சொல்லுவன் ரஞ்சி” என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள். கதவு மூடியது.

எவ்வளவு நேரம் பொறுத்தேன்? இரண்டு நிமிடம் இருக்கலாம். பிறகு எழும்பிப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

கதவைத் திறந்தவள் ரஞ்சியேதான். கையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு. முகம் வெளிறியிருந்தது. தானே சொல்லிவிட்டாளாம்.

“ஸ்கான் எடுக்கிறவர் எத்தினை இருக்கு எண்டு மட்டும்தான் கேட்டவர் அக்கா. எப்பிடி வந்தது எண்டு கேக்கவேயில்லை.”

இரண்டு என்று சொல்லியிருந்தாள். எக்ஸ்ரேயில் மூன்று. மூன்றாவது கழுத்து எலும்புக்குப் பக்கத்தில். எம்.ஆர்.ஐ.யைக் கைவிட்டு சி.டி. ஸ்கானுக்கு எழுதினார்கள். டொக்டர் சான்றும் கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்தாள். ‘காயம் ஏற்பட்ட விதம்’ என்ற இடத்தில், நெடுநேரம் யோசித்து, ‘போரில்’ என்று ஒரே ஒரு சொல் எழுதினாள். உத்தியோகத்தர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை.

நேற்று அவளுடைய வாசல் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றுபோனது. நானும் எழுதுவதை விட்டுவிட்டு அவளுடைய வேலியடிக்கு ஓடினேன்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்க அளவு கொடுக்க வந்தவராம்... பாவம், இரண்டு பெண்கள் ஏன் தன்னை அப்படிப் பார்க்கிறார்கள் என்று அந்த மனிதர் குழம்பிப்போனார்.