ஆசிட்டில் போட்ட செம்புக்குடம்

அப்போது மண்ணரையில், பனியன் துணி வெளுத்துச் சாயம் போடும் பட்டறையில் எனக்கு வேலை. தொட்டிகளுக்குள் நீராவி ஓடும் செம்புக் குழாய்களில் உப்புத்தண்ணீரின் காரை ஏறிக்கொண்டே இருக்கும். ஆசிட் ஊற்றித்தான் கழுவ வேண்டும். வெறும் ஆசிட் காரையோடு செம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் தயோயூரியா என்ற வெள்ளைத் தூளைக் கலப்பேன். அது செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து காவல் நிற்கும்; ஆசிட் அழுக்கை மட்டும் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

கல்யாணமான மறுவருசமே என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை இல்லை. வாடகை வீட்டில் நானும், அவள் சீராகக் கொண்டுவந்த செம்புக்குடமும்தான் மிச்சம். குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக அவள் பேர் வெட்டியிருக்கும். நான் அவளை 'இந்தா புள்ள' என்றுதான் கூப்பிடுவேன். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவள் போன பிறகு ஊரும் 'பாவம், அந்தப் புள்ள' என்றது. பேர் குடத்தில் மட்டும் இருந்தது.

ஒருநாள் மாமனார் வந்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சின்னவளுக்குக் கல்யாணமுங்க மாப்ள. அந்தக் குடத்தையே சீர்ல வெச்சரலாம்னு இருக்கறமுங்க. செத்தவ பேரோட வெக்கக் கூடாதுங்கறாங்க. தட்டி அழிச்சா நசுங்கிப் போயிரும். உங்க ஆசிட்ல எடுத்துக் குடுத்தர்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்த மனுசனும் மகளைப் பறிகொடுத்தவர். "சரிங்க மாமா" என்றேன்.

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு தொட்டியில் ஆசிட்டை நிரப்பினேன். குடத்தை அப்படியே போட்டிருந்தால் அவர் கேட்டது நடந்திருக்கும். நான் தூள் டப்பாவைத் திறந்தேன். ஒரு கைப்பிடி போதும். இரண்டு போட்டேன்.

குடத்தை உள்ளே இறக்கியதும் அதில் ஏறியிருந்த கறுப்பெல்லாம் கழன்றது. கறுப்புக்குள் மங்கிக் கிடந்த பேர், கல்யாணத்தன்று இருந்ததுபோல் பளிச்சென்று நின்றது. தனியாக நின்று சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

மாமனார் குடத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "போகலீங்களா?"

"ஆசிட்டுக்கும் அசையலீங்க மாமா."

அவர் கட்டைவிரல் அந்தப் பேர் மேலேயே கிடந்தது. "போகாட்டிப் போகுதுங்க. அக்கா பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று குடத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வீட்டில் குடம் இல்லை. அது இருந்த மூலையைப் பார்த்து, முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "ஏனுங்க" என்று கேட்க ஆளில்லை.