மூன்றாம் வளைவில் பதிவான முதுகு

மலையூரான ரோக்காவேர்னாவில் நகராட்சிப் போலீஸ் என்றால் இரண்டே பேர். அதில் ஒருத்தி தோரியானா. ஊருக்கு மேலே கணவாய்க்கு ஏறும் சாலையில், மூன்றாம் வளைவுக்கு வேகத்தைப் பதியும் கேமரா வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை சமவெளியிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக ஏறும். இரண்டு கோடைக்குள் அந்த ஒரே வளைவில் ஐந்து பேர் செத்திருந்தார்கள்.

கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும் என்பது சட்டம். பலகையைப் பார்த்ததும் பலர் வேகத்தைக் குறைத்தார்கள். சிலர் நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டார்கள்.

"டைரக்டரம்மா, இன்னிக்கு எத்தனை படம் எடுத்தீங்க?" என்று காபிக்கடை நிவெஸ் கேட்பாள். ஞாயிறு வியாபாரம் முழுக்க அந்த வண்டிக்காரர்களை நம்பித்தான்.

"ஒரே ஹீரோதான் திரும்பத் திரும்ப வர்றாரு. முதுகை மட்டும் காட்டிட்டுப் போறாரு," என்பாள் தோரியானா.

அந்த ஆள் உண்மையிலேயே இருந்தான். கறுப்பு ஹெல்மெட், மடக்கிய பிளேட். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில், ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை பத்தரைக்கு நூற்று முப்பத்தெட்டு. தோரியானா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சைலன்சரில் விரல் நீளத்துக்கு ஒரு வெல்டிங் ஒட்டு தெரிந்தது. கீழே பெட்ரோல் பங்கின் கேமராப் பதிவை வாங்கி வந்து, இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். அதே ஞாயிறு, ஒன்பது நிமிடம் முன்னால், அதே ஒட்டு, அதே ஹெல்மெட். அங்கே பிளேட் நேராக இருந்தது.

பிளேட்டின் எண்ணைப் பதிவேட்டில் போட்டுப் பார்த்ததும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். வண்டி எலியோவுடையது.

எலியோ, நானும் வேலை செய்யும் ஆம்புலன்ஸ் தொண்டர் சங்கத்து டிரைவர். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்த ஐந்து பேரையும் வளைவிலிருந்து தூக்கியவன் அவன்தான். ஒவ்வொரு முறையும் அடிபட்டவரின் ஹெல்மெட்டை அவன் கழற்ற, கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டவள் தோரியானா.

மூன்று நாள் அறிக்கை அவள் மேஜை டிராயரில் கிடந்தது. நான்காம் நாள் எங்கள் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு வந்தாள். எலியோ ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"வெறும் முதுகுதானே தெரியுது," என்றான். "ஊர்ல பாதிப் பேருக்கு இந்த முதுகுதான்."

"இந்த ஒட்டு பாதிப் பேருகிட்ட இல்ல, எலியோ."

அவன் துணியை வாளியில் போட்டான். "ஞாயித்துக்கெழம இந்த ஆம்புலன்ஸ ஓட்ட நான் ஒருத்தன்தான் இருக்கேன். என் லைசென்ஸ் போச்சுன்னா பக்கத்து ஊர்லேர்ந்து ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷம். அதுக்குள்ள ஒருத்தன் செத்தா யாரு பொறுப்பு? நீயா?"

"நீ ஆறாவது ஆளா விழுந்தா யாரு தூக்குறது?"

"நான் விழமாட்டேன்."

"அந்த அஞ்சு பேரும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க," என்றாள். படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே அறிக்கையை அனுப்பினாள்.

ஊர் இரண்டு நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நிவெஸ் கேலியை நிறுத்தினாள். காபியை வைத்துவிட்டு, பேசாமல் போய்விடுவாள். யாரோ கேமராக் கண்ணாடியில் தாரைப் பூசினார்கள். தோரியானா ஏணி போட்டு ஏறி மண்ணெண்ணெயால் துடைத்தாள். அதே வாரம் எங்கள் சங்கத்துக்கு வந்து, ஆம்புலன்ஸ் ஓட்டும் பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள். கிண்டல் செய்கிறாளோ என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எலியோ குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் மேல்முறையீடு செய்தான். செப்டம்பரில் விசாரணை. ஊரிலிருந்து இருபது பேர் போயிருந்தோம், எல்லோரும் அவன் பக்கம். அவனுடைய வக்கீல் எழுந்து, "ஒட்டுப்போட்ட சைலன்சர் ஆயிரம் இருக்கும். வண்டி இவருதுன்னே வெச்சுக்குவோம். ஓட்டினது யாருன்னு இந்தப் படம் சொல்லுதா?" என்றார்.

நீதிபதி ஒரு வயதான அம்மாள். தோரியானாவிடம் கேட்டார்: "ஓட்டினவர் முகத்தை நீங்க பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு சொல் போதும். அன்று அவள் வளைவில்தான் பணியில் இருந்தாள். அவள் சொன்னால் மறுக்க ஆளில்லை.

"இல்லம்மா," என்றாள் தோரியானா. "முதுகைத்தான் பார்த்தேன்."

வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். வழக்கு முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். நீதிபதி எலியோவைப் பார்த்து, சொல்வதற்கு ஏதாவது உண்டா என்றார். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் எழுந்து நின்றான்.

"ஓட்டினது நான்தாங்க." தோரியானாவைக் காட்டினான். "பார்த்தேன்னு இவ பொய் சொல்லியிருந்தா நானும் பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

எட்டு மாதம் லைசென்ஸ் முடக்கம்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, சாரல் மழை. மூன்றாம் வளைவில் ஒருவன் விழுந்துவிட்டான் என்று அழைப்பு வந்தது. தோரியானா அப்போதுதான் பயிற்சி முடித்திருந்தாள். அவள் டிரைவர் சீட்டில் ஏற, எலியோ பின்னால் ஏறினான், கூட நான்.

அடிபட்டவனுக்குத் தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எலியோ இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே முன்னால் பார்த்துக் கத்தினான்: "இங்க பிரேக் போடாத. இப்பப் போடு. உள்பக்கம் ஒடிச்சு வா. நேர் ரோடு வந்துடுச்சு, அழுத்து." அந்த மலையின் ஒவ்வொரு திருப்பமும் அவனுக்கு மனப்பாடம். அவள் அவன் சொன்னபடியே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அடிபட்டவனை உள்ளே கொடுத்த பிறகும் தோரியானா ஸ்டீயரிங்கை விடவில்லை. எலியோ கதவைத் திறந்தான்.

"எறங்கு. வண்டியக் கழுவணும்."

"பொழைப்பானா?"

"தெரியல. நேரத்துக்குக் கொண்டுவந்துட்டோம்."

அவன் பிழைத்தான். அப்படியும் நிவெஸ் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோரியானாவோடு பேசவில்லை.