ஊர்வலம் சுற்றும் வீடு

எங்கள் ஊர் மொபீலுக்கு உறவுக்காரர்கள் வருவதாக இருந்தால் எங்கள் தெருக்காரர்கள் முதலில் ரூஃபஸ் டுப்ரோகாவிடம் போய்ச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் வருகிறவர்கள் விமானச் சீட்டு எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு வந்து சொன்னால் ரூஃபஸுக்கு முகம் சுண்டிப்போகும். "ஆகஸ்ட் வெயில்லயா வர்றாங்க?" என்று கேட்டுவிட்டு, யாரோ தவறிப்போன சேதி கேட்டதுபோல் தலையை ஆட்டுவார்.

அவரும் நானும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். பேச்சில் வா, போதான். எழுதும்போது கொஞ்சம் மரியாதை கொடுத்துவிடுகிறேன், போகட்டும். ஆயுசில் பாதி நகரப் பேருந்து ஓட்டினார். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஓக் மரத்து நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டுவதற்குப் பேருந்து இல்லாததால், ஊருக்கு வருகிறவர்களை ஓட்ட ஆரம்பித்தார் என்று நான் சொல்வேன். அவருக்குக் கோபம் வரும்.

அவருடைய திட்டத்தில் கோட்டையைக் காலையில் பார்த்துவிட வேண்டும். பிற்பகல் மழை பிடிப்பதற்குள் பழைய கல்லறைத் தோட்டம் முடிந்திருக்க வேண்டும். மழை பெய்யும்போது சிப்பி விற்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். விரிகுடாவில் நிற்கும் போர்க்கப்பலில் உச்சி வெயிலில் ஏறவே கூடாது. கிளீவ்லாந்திலிருந்து வந்த என் சித்தி மகள் பெர்னீஸ், விடுமுறைக்கு வந்த இடத்தில் யாரோ மணி அடித்து எழுப்புவதா என்று மதியம் வரை தூங்கிவிட்டு நேரே கப்பலுக்குப் போனாள். இரும்புத் தளத்தில் மயங்கி விழுந்தாள். ரூஃபஸ் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, நாளைக்கு அருங்காட்சியகம் போகலாம், அங்கே உட்கார நாற்காலி இருக்கிறது என்றார்.

இப்படி ஊராருடைய விருந்தாளிகளையெல்லாம் திட்டம் போட்டு வரவைத்தவருக்குச் சொந்த மகனை வீட்டுக்குள் வரவைக்கத் தெரியவில்லை.

மகன் மார்செல் டென்வரில் இருக்கிறான். அம்மா குளோட்டில்ட் இறந்தபோது வந்தான். வீடு நிறைய அத்தைமார்கள் படுத்திருந்ததால் ஓட்டலில் தங்கினான். அதில் தப்பொன்றும் இல்லை. ரூஃபஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு பரிமாறும்போது, எல்லார் காதிலும் விழும்படி, "விருந்தாளிக்கு முதல்ல போடுங்க, ஓட்டலுக்குப் போகணும்" என்றார். மார்செல் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ரூஃபஸை அங்கேயே அறைந்திருப்பேன், கையில் குழம்புச் சட்டி இருந்தது.

அதன் பிறகு அவன் வராமல் இல்லை. வருவான், வாசற்படியில் நிற்பான், உடம்பு எப்படி என்று கேட்பான், போய்விடுவான். காரின் இன்ஜினைக்கூட அணைக்க மாட்டான். இவரும் உள்ளே வா என்று சொல்ல மாட்டார். அப்பனும் மகனும் ஒரே மரத்தில் அறுத்த பலகை.

இந்த வருஷம் பக்கத்து ஊரான பென்சகோலாவில் நண்பன் கல்யாணத்துக்கு வருவதாகவும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் விமானம் ஏறப்போவதாகவும் போனில் சொன்னானாம். எத்தனை மணிக்கு வரட்டும் என்றும் கேட்டானாம். ரூஃபஸ் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலி ஓரமாக வந்து இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு களை. எனக்கு உடனே சந்தேகம் தட்டியது.

அந்த ஞாயிறு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு. எங்கள் ஊர் கார்னிவல் கொண்டாட்டத்தில் சனங்களுடைய ஊர்வலம் அன்றைக்குத்தான். அது எங்கள் தெருக்களைச் சுற்றி ஒரு வளையமாகப் போகும். எங்கள் வீடுகள் வளையத்துக்கு உள்ளே. தடுப்பு வைத்துவிட்டால் உள்ளே நிற்கிற கார் உள்ளேதான், இருட்டும்வரை வெளியே போகாது. பாலும் ரொட்டியும் முந்தின நாளே வாங்கி வைப்போம். நிறைமாதக்காரிகள் முன்கூட்டியே தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"பன்னண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துலயே ரோட்ட அடைச்சிருவானே."

"அடைக்கட்டுமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பெத்த புள்ளைய எலி பிடிக்கிற மாதிரியா பிடிப்பே? உள்ள வந்து உக்காந்து சாப்பிடுடான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்தா போயிரும்?"

ரூஃபஸ் வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "மாட்டேன்னு சொல்லிட்டான்னா?" என்றார்.

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

சமையலுக்கும் திட்டம் இருந்தது. வெண்டைக்காயும் நண்டும் போட்ட கம்போக் குழம்புதான், வேறென்ன. ஆனால் வந்தவுடனே தயாராக இருந்தால் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான், அதனால் அவன் வந்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்றார். மாவை எண்ணெயில் கருக வறுத்து, வெண்டைக்காயின் கொழகொழப்பு அடங்கி, கடைசியாக நண்டு போட்டு இறக்குவதற்குள் ஊர்வலம் பாதி போயிருக்கும். என்னையும் வரச் சொன்னார். இரண்டு பேர் மட்டும் இருந்தால் பேச்சு வராதாம்.

மார்செல் சொன்ன நேரத்துக்கு வந்தான். வாசலில் காரைக் காணோம். கார்னிவல் நாளில் வாசலில் எங்கே இடம் கிடைக்கும், முக்கில் விட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ரூஃபஸ் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அடுப்பில் கருகுகிறது என்று சமையலறைக்குள் ஓடினார். கருகுவதற்கு அடுப்பில் ஒன்றும் இல்லை, அதுவும் திட்டம்தான். வாசலில் நின்று பேச ஆள் இல்லாமல் அவன் உள்ளே வந்தான். எனக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு சமையலறை மேசை முன் உட்கார்ந்தான். நெற்றி மேலேறி முன்வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

கல்யாணத்தைப் பற்றி நான் கேட்டேன், சொன்னான். ரூஃபஸ் முதுகைக் காட்டிக்கொண்டு மாவைக் கிண்டினார். தெரு முனையில் தடுப்புக் கம்பிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு முரசு. அந்தச் சத்தம் கேட்டபின் அவருடைய தோள் இறுக்கம் தளர்ந்து இறங்கியது. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, நகை செய்கிறவர்போல நிதானமாக நறுக்க ஆரம்பித்தார். மார்செல் கத்தியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். வாத்தியக்குழு ஒன்று போய் அடுத்தது வந்தது. சட்டியில் வெண்டைக்காய் விழுந்து வெகுநேரம் ஆகவில்லை, அவன் எழுந்தான்.

"நான் கெளம்பணும்பா."

"எங்க கெளம்புறது? ரோட்ட அடைச்சாச்சு. உக்காரு" என்றார் ரூஃபஸ், திரும்பாமலே. குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"கார் உள்ள இல்லப்பா. ஊர்வலத்துக்கு வெளிய, பிராட் தெருவுக்கு அந்தாண்ட விட்டுட்டு நடந்து வந்தேன். நடந்து போறவன யாரு தடுக்கப் போறா? நானும் இங்க பொறந்தவன்தானே."

ரூஃபஸ் திரும்பினார். கரண்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப போறதுக்குத் தயாராத்தான் வந்திருக்கே."

"சாப்பிடறதுக்குத் தயாரா வந்தேன்" என்றான் மார்செல். "பன்னண்டு மணிக்கு வான்னீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன். காலைலேர்ந்து ஒண்ணும் திங்கல."

வெளியே ஆட்கள் ஊர்வல வண்டிகளிலிருந்து பாசிமணி மாலை வீசச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

ரூஃபஸ் சட்டியைப் பார்த்துச் சொன்னார். "ஆக்கி வச்சிருந்தா தின்னுட்டுப் போயிருவேன்னுதான் லேட்டா வச்சேன். நீ கொஞ்ச நேரம் இருக்கணும்னு இருந்துச்சு."

மார்செல் அலமாரியைத் திறந்து கிண்ணம் எடுத்தான். எந்தக் கதவு என்று யாரையும் கேட்கவில்லை. சோறு மட்டும் வெந்திருந்தது. அதைப் போட்டு, அப்பா கையிலிருந்த கரண்டியை வாங்கி, சட்டியிலிருந்ததை மேலே ஊற்றிக்கொண்டான்.

"இன்னும் வேகலடா. நண்டே போடல."

"தெரியுது. நீங்களும் வந்து உக்காருங்க."

ரூஃபஸ் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வறுத்த மாவின் கசப்பு முன்னால் நின்றது, வெண்டைக்காய் பச்சையாக நாக்கில் வழுக்கியது, உப்பு போட மறந்திருந்தார். என்னால் ஒரு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. மார்செல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.